உச்சி அகலும்போது

(நூற்றாண்டு விழாவையொட்டி எமது கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில், ஓய்வுபெற்ற வைத்தியரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கருத்தரங்கில் நீரிழிவு பற்றியும் மார்பகப் புற்றுநோய் பற்றியும் முழங்கால் வலி பற்றியும் பேசுவதற்கு என்னிலும் தகுதியானவர்கள் கிடைத்துவிட்டார்கள். "நீங்கள் எதைப் பற்றிப் பேசுறியள் டொக்டர்?" என்று எங்கள் செயலாளர் தொலைபேசியில் கேட்டார். "தலைமயிர் கொட்டுறதைப் பற்றி" என்றேன். மறுமுனையில் ஒரு சிரிப்பு. பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையாத்தான் டொக்டர், எனக்கும் இப்ப சரியாக் கொட்டுது" என்றார்.

இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்குக் காரணம் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த ஒரு சிநேகிதி. அவளுடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் வகுப்பினரின் ஒன்றுகூடலுக்கு அவளை அழைத்தேன். காய்ச்சல் என்றாள், பிறகு பேரப்பிள்ளைக்குப் பரீட்சை என்றாள். கடைசியில், "என்ர தலையைப் பாத்தால் நீயே அடையாளம் பிடிக்கமாட்டாய். நான் வரேல்லை, விடு" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள். எங்கள் காலத்தில் மண்டபத்துப் படியில் அவள் இறங்கினால் முழங்காலுக்குக் கீழே பின்னல் ஆடும். ஆசிரியர்கள்கூட அவள் பெயரை விட்டு "நீட்டுப் பின்னல்காரி" என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது வருடச் சிநேகிதம், ஒரு தலைமுடியால் வாசலில் நின்றுவிட்டது.

எங்களுக்குத் தலைமுடி சின்ன விஷயம் அல்ல. விடுதியில் இருந்தவர்களுக்குச் சனிக்கிழமை முழுக்கு நினைவிருக்கும். நல்லெண்ணெயும் சீயாக்காயும் அரப்பும் வைத்து, கிணற்றடியில் வரிசையில் நின்று முழுகி, வேப்பமர நிழலில் ஒருவர் பின்னால் ஒருவர் இருந்து சிக்கெடுத்து, பேன் பார்த்து, பின்னிவிடுவோம். யாருக்கு யார் பின்னுவது என்பதிலேயே சிநேகிதம் தொடங்கும். கலியாணம் பேசும்போதும் "பிள்ளைக்கு நல்ல தலைமயிர்" என்பது ஒரு தகுதி. அப்படி வளர்ந்த ஒரு பெண்ணிடம், "வயசு போனால் கொட்டும்தானே, அதுக்கென்ன" என்று சொல்வது ஆறுதல் ஆகாது.

ஆகவே இன்று மூன்று விடயங்களை ஒரு ஒழுங்கில் சொல்லப் போகிறேன். முதலில் காரணம். இரண்டாவது வைத்தியம். மூன்றாவது அலங்காரம். அநேகமானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் மறைக்கிறோம், பிறகு போத்தல் போத்தலாக வாங்கிப் பூசுகிறோம், காரணத்தைக் கடைசிவரை தேடுவதில்லை.

முதலில் முடி எப்படி வளர்கிறது என்று பார்ப்போம். மனிதத் தலையில் ஏறக்குறைய ஒரு இலட்சம் முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருடம்வரை, மாதம் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வீதம் வளரும். பிறகு மூன்று மாதம் அளவில் ஓய்வாக இருந்து விழும். அதே குழியில் புதிய முடி முளைக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் விழுவதில்லை. எந்த நாளிலும் பத்தில் ஒன்பது பங்கு முடி வளர்ந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடிவரை விழுவது இயல்பு. மூன்று நாளைக்கு ஒருமுறை முழுகுபவருக்கு மூன்று நாள் முடியும் அன்றைக்கே சேர்ந்து வரும். அதைக் கண்டு பயந்து முழுகுவதைக் குறைப்பவர்கள் உண்டு. முழுகுவதால் முடி கொட்டுவதில்லை. ஏற்கனவே கழன்ற முடிதான் தண்ணீரோடு வருகிறது.

அந்த மூன்று மாத ஓய்வுக் கணக்கை மட்டும் நன்றாக நினைவில் வைத்திருங்கள். அதை நான் புத்தகத்தில் படித்தேன். விளங்கிக்கொண்டது 1996 ஆம் ஆண்டில்தான்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, மழைக்குள், செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள். நானும் இரண்டு பிள்ளைகளோடு நடந்தேன். தென்மராட்சியில் ஒரு வீட்டு விறாந்தையில் ஆறு குடும்பங்கள் இருந்தோம். தையும் மாசியும் வந்தபோது அந்த விறாந்தையில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் தலைமுடி கைப்பிடி கைப்பிடியாகக் கழன்றது. தண்ணீர் சரியில்லை என்றார்கள் சிலர். சவர்க்காரம் சரியில்லை என்றார்கள் சிலர். நான் விரலை மடித்து எண்ணிப் பார்த்தேன். ஐப்பசியிலிருந்து மூன்று மாதம். அந்த இரவில் உடம்பு பட்ட அதிர்ச்சியில் ஏராளமான முடிகள் ஒரேயடியாக ஓய்வுக்குப் போயிருக்கின்றன. தவணை முடிந்ததும் ஒன்றாக விழுகின்றன. பழைய இடத்துக்குத் திரும்பி, சாப்பாடும் நித்திரையும் ஒழுங்கானபின் அநேகமானோருக்கு முடி திரும்பி வந்தது.

டெங்கு, சிக்குன்குனியா, கொவிட் போன்ற காய்ச்சல்களுக்குப் பிறகும், பெரிய சத்திரசிகிச்சைக்குப் பிறகும், பட்டினி கிடந்து உடம்பை மெலிய வைத்த பிறகும் இதுவே நடக்கிறது. பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் இப்படித்தான். கர்ப்ப காலத்தில் விழ வேண்டிய முடி விழாமல் நிற்கும். பிறகு எல்லாம் சேர்ந்து விழும். "பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்க, தாய்க்கு மயிர் கொட்டும்" என்று எங்கள் அம்மம்மா சொல்வார். அவருக்கு அந்த மூன்று மாதக் கணக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவே திடீரென முடி கொட்டினால், மூன்று மாதம் பின்னால் எண்ணிப் பாருங்கள். அங்கே ஒரு காரணம் இருந்தால், அது தானாகவே மாறும். ஆறு மாதத்துக்கு மேலும் நிற்காமல் கொட்டினால் வைத்தியரைப் பாருங்கள்.

இனி, மெதுவாக, மாதக்கணக்கில் அடர்த்தி குறைவது பற்றிப் பேசுவோம். இதில் முதலில் தேட வேண்டியது இரும்புச்சத்துக் குறைபாடு. மாதவிடாய் அதிகமாகப் போகும் பெண்கள் அதை யாரிடமும் சொல்வதில்லை. பத்து நாள் போனாலும் "எனக்கு எப்பவும் இப்பிடித்தான்" என்பார்கள். களைப்பு, படியேற மூச்சு வாங்குதல், அதோடு முடி கொட்டுதல் என்று மூன்றும் சேர்ந்திருந்தால் எண்ணெய்க் கடைக்குப் போகாதீர்கள். குருதிப் பரிசோதனைக்குப் போங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் சேமிப்பில் உள்ள இரும்பு குறைந்திருக்கலாம். அதைக் காட்டுவது பெரிட்டின் என்ற பரிசோதனை. குறைவு இருந்தால் மாத்திரை மட்டும் போதாது. இரத்தம் ஏன் குறைகிறது என்பதையும் தேட வேண்டும். மாதவிடாய் நின்று வருடங்கள் ஆன ஒருவருக்கு இரும்பு குறைந்தால் அந்தத் தேடல் இன்னும் அவசியம்.

சாப்பாட்டில் முருங்கையிலை, பயறு, கௌபி, குரக்கன், நெத்தலி, ஈரல் எல்லாம் உதவும். கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விடும் எங்கள் வழக்கம் மிக நல்லது. அதிலுள்ள விற்றமின் சி இரும்பை உடம்பில் சேர்க்கும். கெடுப்பது சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி. அதை விடச் சொன்னால் இந்த மண்டபத்தில் எனக்கு அடி விழும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

அடுத்தது தைரொயிட். இங்கேதான் என் சிநேகிதியின் கதை வருகிறது. ஒன்றுகூடலுக்கு வராதவளைத் தேடி நானே அவள் வீட்டுக்குப் போனேன். சித்திரை வெயிலில் சுவெற்றர் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் ஊதியிருந்தது, குரல் கரகரத்தது, புருவத்தின் வெளிப்பக்கம்கூட மெலிந்திருந்தது. எதைக் கேட்டாலும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். வீட்டில் எல்லோரும் "வயசு போட்டுது" என்று விட்டிருந்தார்கள். அலுமாரியில் பதினொரு எண்ணெய்ப் போத்தல்கள். சில வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பியவை. இரண்டு வருடமாக அவள் தலைக்கு வைத்தியம் பார்த்திருக்கிறாள். நோய் கழுத்தில் இருந்தது. ரீ.எஸ்.எச். பரிசோதனை ஒன்றில் தெரிந்துவிட்டது. இப்போது காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை எடுக்கிறாள். முதலில் குரல் திரும்பியது, பிறகு சிரிப்பு. முடி கடைசியாகத்தான், அதுவும் முழுவதும் அல்ல, கொஞ்சம் வந்தது. அவள் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்தபடியால், தெரிந்தவர் எவரும் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் யாராவது ஒருவர் எப்போதோ கேட்டிருப்பார். அதனால்தான் சொல்கிறேன், தயவுசெய்து ஒளிக்காதீர்கள்.

இளம் பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கில்லாமல், முகத்தில் பருவும் மயிரும் அதிகரித்து, தலையில் மட்டும் குறைந்தால் சூலகத்தில் நீர்க்கட்டிகள் காணப்படும் நிலையும் ஒரு காரணமாகலாம். அதற்கும் வைத்தியம் உண்டு. வட்டமாக, சதம் அளவில், வழுவழுப்பாக முடி போவதை நாங்கள் புழுவெட்டு என்போம். அங்கே புழு எதுவும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முடிவேரையே தாக்குகிறது. சின்ன வெங்காயத்தைத் தேய்த்துக் காலத்தைப் போக்காமல் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். முடி போன இடம் சிவந்து, எரிந்து, தழும்புபோல மினுங்கினால் உடனேயே காட்டுங்கள். தழும்பு விழுந்த குழியில் மீண்டும் முடி முளைக்காது.

எல்லாப் பரிசோதனையும் சரி, ஆனாலும் உச்சி வருடா வருடம் அகலுகிறது என்றால் அது பரம்பரையோடும் வயதோடும் வருவது. முன் நெற்றி வரம்பு அப்படியே இருக்கும், நடு உச்சி மட்டும் அகலும். மாதவிடாய் நின்றபின் அதிகம் தெரியும். என்னுடையது இதுதான். என் அம்மாவுக்கும் இருந்தது.

ஒரு உண்மையைச் சொல்கிறேன். ஐந்தாறு வருடம் நான் கண்புருவப் பென்சிலால் உச்சியைக் கறுப்பாக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். வியர்த்தால் நெற்றியில் கறுப்பு வழியும். படம் எடுக்கும்போது பின்வரிசையில் உயரமான ஒருவருக்குப் பின்னால் போய் நிற்பேன். மற்றவர்களுக்குத் துணிச்சல் சொல்லிக்கொண்டிருந்த வைத்தியர்தான் நான்.

இந்த வகைக்கு நல்ல ஆதாரமுள்ள பூச்சு மருந்து மினொக்சிடில். இது முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. எடுத்தவர்களுக்கு மயிர் வளர்வதைக் கண்டபிறகுதான் தலைக்குப் பூசும் மருந்தாயிற்று. 2 சதவீதம், 5 சதவீதம் என்ற அளவுகளில் உண்டு. முடிக்கு அல்ல, உச்சந்தலைத் தோலுக்குப் பூச வேண்டும். முதல் சில வாரம் முடி கூடுதலாகக் கொட்டலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் எடுக்கும். பூசுவதை விட்டால் கிடைத்த பலனும் மெல்லப் போய்விடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பாவிக்கக் கூடாது. சிலருக்கு முகத்தில் மென்மயிர் வளரலாம். ஆகவே பாமசியில் நீங்களாகவே வாங்காமல் வைத்தியரிடம் கேட்டுத் தொடங்குங்கள். இதை நான் பூசுகிறேன். பழைய கொண்டை வரவில்லை. இருப்பது நின்றது, கொஞ்சம் தடித்தது. எனக்கு அது போதும்.

முடிக்கான விற்றமின் குளிசைகள் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அவற்றில் அநேகமாக பயோட்டின் இருக்கும். பயோட்டின் குறைபாடு மிக அரிது. கூடிய அளவில் எடுத்தால் தைரொயிட் உட்படச் சில குருதிப் பரிசோதனைகள் பிழையான முடிவைக் காட்டக்கூடும். பரிசோதனைக்குப் போகும்போது அதை எடுப்பதாகச் சொல்லுங்கள். விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் அதுவே முடியைக் கொட்டவைக்கும்.

எண்ணெய் வீணா என்று கேட்பீர்கள். வீணல்ல. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊறி, கழுவும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது. முடி உடைவது குறையும். ஆனால் செவ்வரத்தை போட்டுக் காய்ச்சினாலும், கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சினாலும், எண்ணெயால் மூடிய குழியைத் திறக்க முடியாது. மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்பதும் அப்படித்தான். வெட்டிய முனை மொத்தமாக இருப்பதால் கைக்கு அப்படித் தெரிகிறது. நேர்த்திக்கு மொட்டை அடியுங்கள், அடர்த்திக்கு அடிக்க வேண்டாம்.

இப்போது அதிபர் அவர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு விண்ணப்பம். இரட்டைப் பின்னலும் றிபனும் எங்கள் கல்லூரியின் அழகு. ஆனால் கண் இழுபடும் அளவுக்கு இறுக்கிப் பின்னி, வருடக்கணக்கில் ஒரே இடத்தில் உச்சி பிரித்தால், நெற்றியோரத்து முடி வேரோடு இழுபட்டுப் போகிறது. ஆரம்பத்தில் விட்டுவிட்டால் திரும்ப வளரும். பல வருடம் இழுத்தால் திரும்பாது. நடனம் ஆடும் பிள்ளைகள் அரங்கேற்றத்துக்குக் கட்டும் பாரமான சவரிமுடியும் அப்படியே. பின்னல் நேராக இருக்கட்டும், இறுக்கமாக இருக்க வேண்டாம். பின்னியபின் தலை வலித்தால் அது இறுக்கம். வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடச் சொல்லுங்கள்.

கடைசியாக அலங்காரம். காரணத்தைத் தேடியாயிற்று, வைத்தியமும் தொடங்கியாயிற்று. இருக்கிற முடியை அடர்த்தியாகக் காட்டுவதில் எந்தப் பிழையும் இல்லை. நான் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

உச்சியை மாற்றுங்கள். நாற்பது வருடம் நடுவில் பிரித்த முடி அங்கேயே படிந்து கிடக்கும். பக்கவாட்டில் பிரித்தால் வேர் எழும்பி நிற்கும். நேர்கோடாக இல்லாமல் சீப்பின் முனையால் வளைத்து வளைத்துப் பிரித்தால் தோல் தெரியாது.

நீளத்தைக் குறைக்கத் துணியுங்கள். இடுப்புவரை மூன்று இழை தொங்குவதைவிட, தோள்வரை ஒரே மட்டத்தில் வெட்டிய முடி இரண்டு மடங்காகத் தெரியும். இது மனசுக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் வெட்டிய அன்று அழுதேன்.

அடிக்கடி முழுகுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு முடியைத் தலையோடு ஒட்டவைத்துத் தோலைக் காட்டும். ஷாம்பூவைத் தலைத்தோலுக்குப் போடுங்கள், கொண்டிஷனரை நுனிக்கு மட்டும். ஈரமுடி இலகுவில் அறும். துவாயால் முறுக்கிக் கட்டாமல் ஒற்றி எடுத்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுங்கள். தலையைக் கீழே குனிந்து காயவிட்டால் வேர் எழும்பும்.

கொண்டை போடுபவர்கள் முன்பக்கத்தை இழுத்து வாராமல் தளர விட்டு, பிடரியில் தாழ்வாகப் போடுங்கள். உள்ளே ஒரு சின்னச் சவரி வைத்துச் சுற்றி, பூ வைத்தால் யாருக்கும் தெரியாது. பாரமில்லாததாகப் பாருங்கள்; விழா முடிந்ததும் கழற்றிவிடுங்கள். முடியின் நிறத்தில் தூவும் மெல்லிய நார்த்தூள் இப்போது கடைகளில் உண்டு. பென்சிலைவிட அது எவ்வளவோ மேல், வியர்வைக்கும் ஓரளவு தாங்கும்.

நரையோடு சண்டை பிடிக்காதீர்கள். கடும் கறுப்புச் சாயம் போட்டால், முடிக்கும் தோலுக்கும் உள்ள நிற வித்தியாசம் கூடி, உச்சி பளிச்சென்று தெரியும். நரையோ மண்ணிறமோ அதை மறைக்கும். சாயம் போடத்தான் வேண்டும் என்றால், இரண்டு நாளைக்கு முன் காதுக்குப் பின்னால் சிறிது பூசி, கடிக்கிறதா வீங்குகிறதா என்று பாருங்கள். வெளியில் போகும்போது குடை பிடியுங்கள். மெலிந்த உச்சி வெயிலில் கருகும்.

இத்தனையும் செய்ய விருப்பமில்லையா? ஒன்றும் செய்யாமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. புற்றுநோய் மருந்தால் முடி முழுவதும் போன எங்கள் சகோதரிகள் சிலர் துணி கட்டிக்கொண்டும், கட்டாமலும் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்கள் வந்ததால் இந்த விழா நிறைந்திருக்கிறது.

முடிக்குமுன் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். நீண்ட காலத்துக்குப் பிறகு ஒருவரைக் காணும்போது, "ஐயோ, என்ன தலையெல்லாம் கொட்டிப்போச்சு!" என்று வாசலிலேயே சொல்லாதீர்கள். அதை அவர் கண்ணாடியில் தினமும் பார்க்கிறார். "எப்படி இருக்கிறாய், உடம்பு சுகமா?" என்று கேளுங்கள். கைகளைப் பிடித்து, தனியாகக் கூட்டிக்கொண்டுபோய், "களைப்பா இருக்கோ? இரத்தம் சோதிச்சனியோ?" என்று கேளுங்கள். முதற் கேள்வியால் ஒருவர் வீட்டுக்குள் போய்விடுவார். இரண்டாவதால் ஆஸ்பத்திரிக்குப் போவார்.

என் சிநேகிதி இன்று வந்திருக்கிறாள். தோள்வரை வெட்டிய நரைமுடியோடு நாலாவது வரிசையில் இருக்கிறாள். எங்கே என்று திரும்பிப் பார்க்காதீர்கள். தேநீர் நேரத்தில் நீட்டுப் பின்னல்காரி என்று கூப்பிட்டுப் பாருங்கள், அவளே திரும்பிப் பார்ப்பாள்.